கேஸ் கீசரும் வீட்டு மாப்பிள்ளையும்

திருநெல்வேலியில் ஒருவருக்கு வெந்நீர் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கோடையில் மத்தியானம் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து கையை நீட்டினால் தோல் வெந்துவிடும். இப்பேர்ப்பட்ட ஊரில், மேலப்பாளையத்தில், நாங்கள் குளியலறைக்கு ஒரு கேஸ் கீசர் வாங்கினோம். சிலிண்டரில் இருந்து டியூப் வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் உள்ளுக்குள்ளே தீப்பிடித்து, சுடச்சுடத் தண்ணீரைக் கக்குமே, அந்தப் பெட்டிதான்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அதுதான் காரணம். மருமகனுக்குக் கங்கைகொண்டானில் தொழிற்சாலை வேலை. புது வீடு. அந்த வீட்டுக் குளியலறையில் வெந்நீர் சுவரில் இருந்து வருகிறதாம். அங்கிருந்து வருகிற பிள்ளைக்கு நான் அடுப்பில் அண்டாவை ஏற்றிக் காய்ச்சி, தூக்கிக்கொண்டு போய் ஊற்றினால் எங்கள் வீட்டுக்காரருக்கு மரியாதை போய்விடுமாம். அண்டாவைத் தூக்கப்போகிறவள் நான். மரியாதை போவது அவருக்கு. கரண்டில் ஓடுகிற ஹீட்டர் வாங்கலாம் என்றால், அது ஷாக் அடிக்குமே என்று பயம். தீ எரிகிற பெட்டியைக் குளிக்கிற இடத்தில் மாட்டுவதில் அவருக்கு ஒரு பயமும் இல்லை.

கீசர் விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். கம்பெனியில் பயிற்சி எடுத்த ஆளை அனுப்புவோம், அவர் வந்துதான் மாட்டணும், வேறு யாரையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். சொன்னபடி ஆளும் வந்தார். என் வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, முகம் முழுக்க வேர்வை, வேர்வைக்கு மேலே எரிச்சல். வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னதற்கே முகம் சுளித்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார். குளியலறைக்குள் போய் நான்கு பக்கமும் டேப்பைப் பிடித்து அளந்தார். மேலே இருந்த சின்ன வென்டிலேட்டரை எட்டிப் பார்த்தார். வெளியே வந்து, உள்ளே மாட்ட முடியாது என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு பஸ் கண்டக்டர் ஊர் பெயர் சொல்வதைப் போலச் சொன்னார். சின்ன அறை. தீ எரிந்தால் அறையில் உள்ள நல்ல காற்றைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக ஒரு விஷக்காற்றை விட்டுவிட்டுப் போகும். அதற்கு வாசமும் கிடையாது, புகையும் கிடையாது. குளிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது, அப்படியே படுத்துவிடுவார். ஆகையால் பெட்டி பின்பக்கத்துச் சுவரில் வெளியே இருக்கணும், சுவரில் ஓட்டை போட்டுத் தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரணும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் காதில் இத்தனையில் விழுந்தது ஓட்டை ஒன்றுதான். அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது மயில் கழுத்து நிறத்து டைல்ஸ். அதைத் தேர்ந்தெடுக்கப் பாளையங்கோட்டைக் கடைகளுக்குக் குடும்பமாக அலைந்திருந்தோம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் அவ்வளவு அலையவில்லை. அந்த டைல்ஸில் ஓட்டையா என்று கேட்டார். வந்தவர் பையை மூடினார்.

"உள்ள நான் மாட்ட மாட்டேன். மாட்டித்தான் ஆவணும்னா வேற ஆளப் பாருங்க."

சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் எங்கள் வீட்டில் அவருடைய குற்றங்குறைகள் ஒவ்வொன்றாக எடுத்து அலசப்பட்டன. திமிர் பிடித்த ஆள். வீட்டுக்கு வந்தவன் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. போனையே பார்க்கிறான். சிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடியாது என்கிறான்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனதே அந்தக் கடைசிக் குற்றத்துக்காகத்தான். இந்த வீட்டுக்குக் குழாய் வேலைக்கு வந்தவர், பெயிண்ட் அடிக்க வந்தவர், எனக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர், ஒருத்தராவது முடியாது என்று சொன்னது கிடையாது. எல்லாரும் "செஞ்சிரலாம்" என்பார்கள். செய்துவிட்டுப் போன பிறகுதான் நமக்கு வேலை ஆரம்பிக்கும். கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒருவர் போகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை போட்டால் போட்டுவிட்டுப் போகிறது, அந்த ஆளையே கூப்பிடுங்கள் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, பாவம், ஒன்றும் தெரியாதவள் என்கிற மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான நாளில் இருந்து பார்த்து வருகிறேன்.

பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

மச்சான் என்றால் என் நாத்தனாரைக் கட்டிய மாப்பிள்ளை. எங்கள் வீடுகளில் வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை என்பவர் சாதாரண ஆள் இல்லை. அவர் வந்தால் ஃபேன் அவர் பக்கம் திரும்பும். நல்ல நாற்காலி அவருக்கு. சட்டியில் நல்ல கறி அவர் தட்டுக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு. அவர் பிரியாணியில் உப்புக் கூடுதல் என்று சொன்னால், அதுவரைக்கும் ருசித்துச் சாப்பிட்டவர்களுக்கும் அப்போதிருந்து கரிக்க ஆரம்பிக்கும். அவர் செய்கிறேன் என்ற வேலையை இன்னொருவருக்குக் கொடுத்தால், வீட்டுப் பெண்ணையே வாசலில் நிறுத்தியதாக ஆகிவிடும்.

இந்த மாப்பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பட்டமும் உண்டு. இன்ஜினியர். வளைகுடாவில் ஒரு கேஸ் கம்பெனியில் பல வருடம் இருந்தவர். அது உண்மை. கேம்ப்பில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் பிளான்ட் வாசலில் இறக்கிவிடுகிற பஸ்ஸை ஓட்டினார். கல்யாணமான புதிதில் என் நாத்தனாரே என் மடியில் தலைவைத்து அழுதுகொண்டு, அங்கே வெயிலில் பஸ் ஓட்டி அவர் கறுத்துப்போனதைச் சொல்லியிருக்கிறாள். வருடம் போகப்போக அந்தக் கதையில் இருந்து பஸ் மட்டும் எப்படியோ இறங்கிப் போய்விட்டது, கம்பெனி தங்கிவிட்டது. தலையில் ஹெல்மெட் வைத்து எடுத்த ஒரு போட்டோ அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஹெல்மெட் இல்லாமல் அந்த பிளான்ட் வாசலுக்குள் பூனையைக்கூட விடமாட்டார்களாம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நாத்தனார் வாயில் "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றுதான் வரும். சொல்லிச் சொல்லி ஊரும் சொன்னது. கடைசியில் அவரும் நம்பிவிட்டார்.

ஆளைக் குறை சொல்லக்கூடாது, கெட்டவர் இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டு அடுப்புகளுக்கு டியூப் மாற்றிக் கொடுப்பார். பர்னரில் அடைப்பு என்றால் ஊசியைப் போட்டு எடுத்துவிடுவார். கல்யாண வீடுகளில் பெரிய பிரியாணி அடுப்பைப் பற்றவைக்க அவரைத்தான் தேடுவார்கள். கூப்பிட்ட குரலுக்கு வருவார். சிரித்த முகம். தேத்தண்ணீர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிப்பார். எங்கள் ஊரில் ஒருவரிடம் கேஸ் வேலையைக் கொடுக்க இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள்.

வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இதற்குப் போய் டைல்ஸை உடைப்பார்களா, நாங்கள் அங்கன எவ்வளவு பெரிய பிளான்டை எல்லாம் பார்த்திருக்கிறோம் என்றார். பார்த்தது உண்மை, பஸ் கண்ணாடி வழியாக. கீசரை உள்ளேயே மாட்டினார். டைல்ஸில் கீறல் இல்லாமல் இணைப்புக் கோட்டில் ஸ்க்ரூ இறக்கினார். சிலிண்டர் பின்பக்கத்தில் நின்றது, டியூப் வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்தது. எல்லாம் முடிந்ததும் மூக்கை வைத்து டியூப் நெடுக மோந்து பார்த்தார். எங்களையும் மோந்து பார்க்கச் சொன்னார். வாசம் வருகிறதா, வரவில்லை, வேலை முடிந்தது என்றார்.

அட்டை போட்டுக்கொண்டு வந்தவர் வாசமே இல்லாத காற்றைப் பற்றி ஏதோ சொன்னாரே என்று நான் கேட்டேன். வாசம் இல்லாத கேஸ் என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று அவர் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக நாத்தனார் சிரித்தாள். நான் உள்ளே போய் தேத்தண்ணீர் போட்டேன். வேறு என்ன செய்ய?

மகளுக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தாள். இனி அவள் பச்சை உடம்புக்காரி. பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்துக் கிடையாது. காதில் பஞ்சு, தலையில் துணி, ஜன்னலுக்குத் தாழ்ப்பாள். இதை எல்லாம் நானும்தான் செய்தேன். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நாத்தனார் அளவுக்கு எனக்குத் திறமை போதாது. அவள் வந்த அன்றைக்கே குளியலறை வென்டிலேட்டரைக் கண்டுபிடித்துவிட்டாள். வெந்நீர் ஊற்றின உடம்பில் அந்த வழியாகக் காற்று வந்து பட்டால் சன்னி கண்டுவிடும், காலத்துக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றாள். இன்ஜினியர் உடனே ஒரு தெர்மோகோல் அட்டையை வாங்கி வந்தார். டியூபுக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டு வென்டிலேட்டரில் பொருத்தி, நான்கு பக்கமும் பழுப்பு டேப்பை ஒட்டி, பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டார். எறும்பு போக வழி இல்லை. அவர் எங்கள் வீட்டில் செய்த வேலைகளிலேயே ஒழுங்கான வேலை அதுதான்.

அப்போதும் சொன்னேன். கீசருக்குக் காற்று வேண்டுமென்று அந்த ஆள் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு மச்சானைக் கண்டால் ஆகாது, அதுதான் இத்தனை பேச்சு என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எரியும் கேஸைப் பற்றிப் பேசினால் அதற்குப் பதில் குடும்பத்தைப் பற்றி வரும். நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். மகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றும்போது கதவைப் பாதி திறந்தே வைத்துக்கொண்டேன். நாத்தனார் வந்த நாட்களில் அவள் சாத்துவாள், நான் திறப்பேன். நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு.

இருந்தும் குளித்துவிட்டு வந்தால் மகளுக்குத் தலை வலித்தது. குமட்டலும் இருந்தது. ஊற்றிவிட்டு வந்த எனக்கும் தலை கனத்தது. இதற்கு ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. பிள்ளை சிவப்பாக இருக்கிறதல்லவா, கண்ணேறு என்றாள் நாத்தனார். மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஓதின தண்ணீர் வந்தது. சுக்குக் காப்பி வந்தது. என் தலைவலிக்குக் காரணம் கண்ணாடியின் பவர் மாறியிருப்பது என்று இன்ஜினியர் சொன்னார். அவருக்குக் கண் வைத்தியமும் தெரியும் போல.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாம்பைப் பார்த்தால் அலறலாம், எதைப் பார்த்து அலற? வாசமும் இல்லை, புகையும் இல்லை, பெட்டிக்குள் தீ நீலமாக, லட்சணமாக எரிகிறது. கம்பெனியில் இருந்து வந்த அந்த ஆளின் நம்பரைக் கேட்டேன். அந்தத் திமிர் பிடித்தவன் நம்பரை யார் வைத்திருக்கிறார்கள் என்றார் எங்கள் வீட்டுக்காரர். கடைக்குப் போய்க் கேட்டு வாங்கி என் போனில் போட்டுக்கொண்டேன். கூப்பிடத்தான் முடியவில்லை. வந்து அவர் கழற்றினால் நாத்தனார் இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள் என்று எனக்கு எச்சரிக்கை தரப்பட்டிருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னே எல்லாருக்கும் குளியலறை வேண்டும். நாத்தனாரும் அவள் மாப்பிள்ளையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்தார். ஆண்கள் இரண்டு பேரும் அத்தர் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். நான் அடுப்பில் கறியைப் போட்டிருந்தேன். இரு, இதை இறக்கிவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் குளிக்காதே என்று மகளிடம் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் இருந்த நாத்தனார் குறுக்கே பேசினாள்.

"அவ என்ன, சின்னப் புள்ளயா? கதவச் சாத்திக்கிட்டு நல்லா சூடா இடுப்புக்கு ஊத்தட்டும். நீ ஒரு பக்கம் கதவத் தொறந்து போட்டு அவளுக்குக் காத்து புடிக்க வச்சிராத."

மகள் குளிக்கப் போய்விட்டாள். நான் வெங்காயத்தோடும் கறியோடும் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. குளிக்கிறவர்கள் இருந்தால் அந்தச் சத்தம் விட்டுவிட்டு வரும். கோப்பையில் மொள்வார்கள், ஊற்றுவார்கள், குழாயை மூடுவார்கள், திறப்பார்கள். அன்றைக்கு ஒரு கட்டத்தில் அது ஒரே சீராக விழ ஆரம்பித்தது. வாளி நிறைந்து வழிந்து தரையில் விழுகிறது, யாரும் மூடவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன்.

அந்தக் கதவு பிளாஸ்டிக் கதவு. டைல்ஸுக்கு அள்ளிக் கொடுத்தவர் கதவில் மிச்சம் பிடித்திருந்தார். அவர் கருமித்தனத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன், தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போனது. மகள் சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. தலைக்கு மேலே கீசர் எரிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேனா, தெரியவில்லை. அவள் அக்குளில் கையைக் கொடுத்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் பிள்ளை செத்துப்போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்றால், சந்தேகமே இல்லாமல் நினைத்தேன். துப்பட்டியைச் சுற்றி, பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். வழி முழுக்க அவள் அலறிக்கொண்டு வந்தாள். நான் மகள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். எங்கே விழுந்தாள் என்று கேட்டார். குளியலறையில் என்றேன். கேஸ் ஹீட்டர் உள்ளேயே இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்றேன். ஜன்னல் இருக்கிறதா என்றார். இருந்தது, அடைத்துவிட்டோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மகள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று பள்ளிவாசலில் இருந்து ஓடிவந்த எங்கள் வீட்டுக்காரரிடம் டாக்டர் நேராகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் வராந்தாவில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, டாக்டர் கீசரைப் பற்றிச் சொன்னதை மச்சானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், மனசு சங்கடப்படுவார் என்றார். நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

பேத்தி பசியில் வீரிட்டுக்கொண்டிருந்தாள். யார் யாரோ வாங்கிப் பார்த்தார்கள், அடங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மகள் கண்ணை முழித்தாள். மாஸ்க்கை விலக்கிவிட்டு, புள்ள பால் குடிச்சாளா என்று கேட்டாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தேன், அப்போது உடைந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு தீர்ப்போடு வந்தார்கள். ரத்தம் குறைவு. ஜும்மா நேரத்தில் பெண்பிள்ளை தலையை அவிழ்த்துப்போட்டுக் குளிக்கலாமா. வெறும் வயிறு. கண்ணேறு. எவருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிச் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அதை மாட்டியவர் இன்ஜினியர். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னால், டாக்டர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். சிலிண்டரை மூடிவிட்டேன். மற்றதெல்லாம் ஒட்டியது ஒட்டியபடி, மாட்டியது மாட்டியபடி இருந்தது. மச்சானே வந்து கழற்றினால்தான் மரியாதையாக இருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் யாரையும் தொடவிடவில்லை. பிய்ந்துபோன தாழ்ப்பாளை மட்டும் உடனே ஆள் வைத்து மாற்றினார். அதற்குத் தகுதியான ஆளைத் தேடுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இன்ஜினியரும் நாத்தனாரும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஃபேன் அவர் பக்கம் திரும்பியது. நல்ல நாற்காலி வந்தது. மகள் அறைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். கழற்றுவதைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இழுத்து இழுத்து ஆரம்பித்தார். முடிக்கக்கூட விடவில்லை. கழற்றுவதற்கு என்ன இருக்கிறது, மெஷினில் ஒரு குற்றமும் இல்லை என்றார் இன்ஜினியர். மகளுக்கு உடம்பில் சத்து இல்லை, நல்லா சாப்பிட வையுங்கள். இப்போது கழற்றிவிட்டால் நாற்பதாம் நாள் குளிப்புக்கு என்ன செய்வீர்கள், அன்றைக்குத் தாயும் பிள்ளையும் இதில்தானே குளிக்கணும் என்றார். நாத்தனார் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தாயும் பிள்ளையும் என்று அவர் சொன்னதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. எழுந்து பின்பக்கம் போனேன். சிலிண்டரைத் திறந்தேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திருப்பினேன், பெட்டிக்குள் குப்பென்று தீப்பிடித்தது. கொடியில் இருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணே, மெஷின்ல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லுதிய. ரொம்ப சந்தோசம். தண்ணி சூடா வருது. நீங்க ஒட்டுன அட்டையும் அப்படியேதான் இருக்கு, நான் தொடல. உள்ள போயி, கதவத் தாப்பா போட்டுக்கிட்டு, எம்மவ குளிச்ச நேரத்துக்கு நீங்களும் குளிச்சிட்டு வாங்க. வந்துட்டியன்னா நாற்பதாம் நாளு தாயையும் புள்ளயையும் நானே உள்ள அனுப்புதேன்."

எங்கள் வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. இன்ஜினியர் சிரித்தார். எனக்கு அவர்மேல் அந்த ஒரு நிமிடம் மரியாதைகூட வந்தது, மனிதர் நிஜமாகவே நம்பியிருந்தார். இது என்ன பெரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டே துண்டை வாங்கித் தோளில் போட்டார். நாற்காலியை விட்டு எழுந்தார். குளியலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்திருப்பார்.

நாத்தனார் உட்கார்ந்த இடத்தில் இருந்து எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீங்க போவாதிய" என்றாள்.

பைய சொன்னாள். ஆனால் பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது. அவர் என்னளா என்று கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சிலிண்டரை மூடிவிட்டு வந்து, வாசல் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கம்பெனி ஆளின் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

நான் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"ஏளா, இந்தக் கைய அன்னைக்கு எம்மவளுக்கும் ஒரு தடவ நீட்டிருக்கலாம்லா" என்றேன்.

அவள் அவர் சட்டையை இன்னும் விடவில்லை.